பரணில் தொங்கும் பழைய கப்பிகளை மறுபடி ஓட்டலாமா?

வணக்கம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பழைய பண்ணை ஒன்றை வாங்கியிருக்கும் நேயர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "தொழுவத்தின் பரணில் கூரை முகட்டை ஒட்டி ஒரு இரும்புத் தண்டவாளம், அதில் ஓடும் வார்ப்பிரும்பு வண்டி, சில மரக் கப்பிகள், பெரிய கவை ஒன்று எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆடுகளுக்கான புல்கட்டுகளை இவற்றைக் கொண்டே மேலே ஏற்றலாமா?"

ஏற்றலாம், ஆனால் கப்பியைப் பார்ப்பதற்கு முன் அது எதில் தொங்குகிறது என்று பார்க்க வேண்டும். இத்தகைய வண்டிக்கு உங்கள் மாநிலத்தைச் சேர்ந்த வில்லியம் லவுடன் 1867-இல் காப்புரிமை பெற்றார். அக்காலத்தில் புல்லைக் கட்டாமல் உதிரியாகவே சேமித்தார்கள். கீழே நிற்கும் பார வண்டியின் புல்லில் கவையைக் குத்தி, வடத்தின் மறுமுனையில் குதிரையை நடத்தினால் புல் செங்குத்தாக எழும். உச்சியைத் தொட்டதும் தண்டவாள வண்டியின் பூட்டு தானாக விடுபட்டு, பாரம் பரணுக்குள் கிடைமட்டமாக ஓடும். கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்தவர்களுக்கு, மாடு சரிவில் இறங்க இறங்கச் சால் மேலே வருவது நினைவுக்கு வரும். கட்டுக் கட்டும் இயந்திரம் பரவிய பிறகுதான் இவை ஓய்ந்தன.

இப்போது கணக்கு. இவ்வகை வண்டிகள் பலவற்றில் வடம் வண்டியில் தொடங்கி, கவைக்கு மேலுள்ள கப்பியைச் சுற்றி, மறுபடி வண்டிக்கு ஏறும். அதனால் 100 கிலோ பாரத்துக்கு இழுவிசை, உராய்வை விட்டுவிட்டால், 50 கிலோதான். பாரம் 8 மீட்டர் எழ 16 மீட்டர் இழுக்க வேண்டும், அவ்வளவே. ஆனால் வடம் செங்கோணத்தில் திரும்பும் சுவர்க் கப்பியின் கொக்கி 50 கிலோவை அல்ல, ஏறத்தாழ 70 கிலோவைத் தாங்குகிறது. அந்தக் கொக்கி எந்த மரத்தில் இருக்கிறது என்பதே என் முதல் கேள்வி.

முகப்புச் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டவாளத்தின் முனையில்தான் முழுப் பாரமும் எழுகிறது. பல்லாண்டு மழைச் சாரல் விழுந்ததும் அங்கேதான். திருப்புளியால் அந்த மரத்தைக் குத்திப் பாருங்கள். முனை கடினமான மரத்தில் தடைபட்டு நின்றால் நல்லது, ஈரக் கேக்கில் இறங்குவதுபோல இறங்கினால் அந்தக் கட்டையை மாற்றும்வரை வேலையைத் தொடங்காதீர்கள்.

வார்ப்பிரும்பு வளைந்து எச்சரிக்காமல் உடைந்துவிடும். புதுப் பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவதுபோல, வண்டியைக் கழற்றிச் சிறு சுத்தியலால் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மங்கிய ஒலி வந்தால் விரிசலைத் தேடுங்கள்.

பழைய வடத்தை, பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும், விட்டுவிடுங்கள். அதன் புரிகளைப் பிரித்தால் உள்ளே நார் பொடியாக உதிர்வதைக் காணலாம். புதிதாக வாங்கும்போது பாலியஸ்டர் கயிறு கேளுங்கள். நைலான் அதிகமாக நீளும், பாரம் ஊசலாடும். கயிற்றின் பருமன் கப்பியின் காடிக்குப் பொருந்த வேண்டும்.

குத்தும் கவை உதிரிப் புல்லுக்கானது, கட்டுகள் அதில் நிற்காது. வலைத் தொட்டில் ஒன்று செய்துகொள்ளுங்கள். 20, 25 கிலோ எடையுள்ள சிறு கட்டுகள் நான்கை ஏற்றுவதாக இருந்தால், முதலில் அதைப்போல் இரு மடங்கு எடையைத் தரையிலிருந்து ஓர் அடி மட்டும் தூக்கி, பத்து நிமிடம் நிறுத்தி, மேலே மரம் முனகுகிறதா என்று கேளுங்கள். பல நூறு கிலோ எடையுள்ள உருட்டுக் கட்டுகளை இதில் நினைக்கவே வேண்டாம்.

டிராக்டரால் இழுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முன்பு அப்படியும் செய்தார்கள், எனக்கு உடன்பாடில்லை. வண்டி சிக்கிக்கொண்டால் குதிரைக்குத் தெரியும், அது நின்றுவிடும். இயந்திரம் கூரையையும் சேர்த்து இழுக்கும். நான்கு கட்டுகளுக்கு இரண்டு பேர் கையால் இழுத்தாலே போதும், மூன்றாமவர் பக்கவாட்டில் நின்று பாரத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்.