முதுகு மட்டும் தெரிந்தவரின் கல்லறை

நண்பர்களே, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் இவோ ஜிமா தீவில் அமெரிக்க வீரர்கள் கொடி ஏற்றும் படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1945 பிப்ரவரி 23 அன்று சூரிபாச்சி மலை உச்சியில் ஜோ ரோசந்தால் எடுத்தது. ஆறு பேர் கொடிக்கம்பத்தை நிமிர்த்துகிறார்கள். வலது ஓரத்தில் ஒருவர் குனிந்து கம்பத்தின் அடியைத் தரையில் ஊன்றுகிறார். முகமே தெரியாது, முதுகுதான். அவர் ஹார்லன் பிளாக். ஆறே நாளில், மார்ச் 1 அன்று, அதே தீவில் போய்விட்டார். வயது 20.

அவர் கல்லறைக்குப் போயிருந்தேன். டெக்சஸின் தென்கோடியில், மெக்சிகோ எல்லைக்குப் பக்கத்தில் ஹார்லிங்கன். அங்கே மரைன் மிலிட்டரி அகாடமி என்றொரு பள்ளி. இந்தப் படத்தை வைத்து வாஷிங்டனுக்குப் பக்கத்து ஆர்லிங்டனில் நிற்கும் வெண்கலச் சிலைக்காக, சிற்பி ஃபெலிக்ஸ் டி வெல்டன் செய்த முழு அளவு பிளாஸ்டர் மாதிரி இந்த வளாகத்தில்தான் இருக்கிறது. ஒவ்வோர் உருவமும் 32 அடி. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். அதன் அருகில்தான் பிளாக்கின் கல்லறை. முதலில் தீவிலேயே புதைத்தார்கள், பிறகு அவர் படித்த வெஸ்லாகோவில், 1995இல் இங்கே.

ஆனால் அந்தப் படத்தோடு அவர் பெயர் சேர்ந்ததே பெரிய கதை. குனிந்திருப்பவர் ஹாங்க் ஹான்சன் என்றுதான் ராணுவம் அறிவித்தது. ஹான்சனும் அதே மார்ச் 1 அன்று இறந்தவர், கேட்க ஆளில்லை. பத்திரிகையில் படத்தைப் பார்த்ததுமே பிளாக்கின் தாய் பெல், இது என் மகன் என்று சொல்லிவிட்டார். பெற்றவளுக்கு முதுகு போதாதா? வீட்டில்கூட நம்பவில்லை.

உண்மை தெரிந்தவர் ஒருவர் இருந்தார். அதே படத்தில் இருந்த ஐரா ஹேஸ், அரிசோனாவின் பிமா பழங்குடியினர். விஷயத்தைச் சொன்னபோது, பேசாமல் இரு என்று அதிகாரி அடக்கிவிட்டார். போர் முடிந்து ஊர் திரும்பியவர், 1946இல் வழியில் லிஃப்ட் கேட்டுக் கேட்டு ஆயிரம் மைலுக்கு மேல் கடந்து, வெஸ்லாகோ போய் பிளாக்கின் தந்தையிடம் நேரில் சொன்னார். 1947 ஜனவரியில் ராணுவம் திருத்திக்கொண்டது. கொடி ஏற்றியதைவிட இந்தப் பயணம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. சுட்டுத் தள்ளும் எதிரி இல்லை, சரி, உத்தரவும் இல்லையே.

அத்தோடு முடியவில்லை. 2016இலும் 2019இலும் இன்னும் இரண்டு பெயர்களை மாற்றினார்கள். அப்படிப் புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒருவரான ஹரால்ட் ஷூல்ட்ஸ் லாஸ் ஏஞ்சலஸில் தபால் துறையில் வேலை பார்த்துவிட்டு, ஊரறியச் சொல்லாமலே 1995இல் இறந்தவர். அடுத்து அவர் கல்லறைக்குத்தான் போகலாமென்று இருக்கிறேன்.