'ண' சுழிக்குள் இருக்கும் புள்ளி ஏன் பறந்துவிடுகிறது?

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். ஒரு தம்பி கொஞ்சம் நீளமாகவே எழுதியிருக்கிறார், சுருக்கிச் சொல்கிறேன். பூஜை ரூம் கதவுக்கு ஸ்டிக்கர் வெட்டி ஒட்டி சாண்ட்பிளாஸ்ட் அடிப்பது, அதாவது காற்றழுத்தத்தில் பொடியை வீசிக் கண்ணாடியைச் செதுக்குவது, அவருக்குக் கைவந்த வேலை. விளக்கு, தோரணம், லட்சுமி எல்லாம் நன்றாக வருகிறதாம். இப்போது கண்ணாடி ஷீல்டில் பெயர், தேதி, ஆள் முகம் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அவ்வளவு பொடி எழுத்து பிளாட்டரில் (ஸ்டிக்கர் வெட்டும் மெஷினில்) வெட்ட வரவில்லை என்று தண்ணீரில் கழுவுகிற போட்டோரெசிஸ்ட் ஃபிலிம் வாங்கியிருக்கிறார், தானே ஒட்டிக்கொள்ளும் வகை. பிளாஸ்டிக் தாள் மேல் பூசி வரும் இதை, டிசைன் வைத்து லைட் காட்டி, கழுவி, பிறகு கண்ணாடியில் கவிழ்த்து ஒட்டி அடிக்க வேண்டும். அடிக்க ஆரம்பித்ததுமே 'ண', 'ன' எழுத்துகளின் சுழிக்குள் தனியாக நிற்கும் குட்டி ஃபிலிம் புள்ளிகள் பறந்துவிடுகின்றன. "ஃபிலிம் மட்டமா அண்ணா, இல்லை கூடக் கொஞ்சம் பசை தடவணுமா?" என்று கேட்கிறார்.

பசை வேண்டாம் தம்பி. முதலில் அதை எடுத்து வைத்துவிடுங்கள். தடவிய பசை திறந்திருக்கும் இடத்தில் வழிந்து உட்கார்ந்தால் அங்கே பொடி ஒழுங்காக வெட்டாது, எழுத்து திட்டுத்திட்டாக வரும்.

உங்கள் கேள்வியின் நடுவில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள்: பெட்டியில் போட்டிருக்கும் நேரம் லைட் காட்டினால் மெல்லிய கோடு கழுவும்போது திறக்கவில்லை, அதனால் பாதி நேரமாகக் குறைத்துவிட்டேன் என்று. விஷயம் அங்கேதான் இருக்கிறது. புள்ளி பறப்பது பிளாஸ்ட் கேபினுக்குள்தான், ஆனால் தப்பு நடந்தது உங்கள் பிரிண்டரில்.

எப்படி என்று சொல்கிறேன். இந்த ஃபிலிமில் புற ஊதா ஒளி பட்ட இடம் இறுகிவிடும், தண்ணீருக்குக் கரையாது. கறுப்பு மறைத்த இடம் இறுகாமல் கழுவும்போது போய்விடும், அங்கேதான் பொடி கண்ணாடியைத் தொடும். ஸ்கிரீன் பிரிண்டிங் செய்தவர்களுக்கு இது பழகிய கதை. இப்போது டிசைனை அச்சடித்து ஃபிலிம் மேல் வைக்கிற உங்கள் டிரேசிங் ஷீட்டில் கறுப்பு முழுக் கறுப்பாக இல்லை என்று வையுங்கள். லேசர் பிரிண்ட் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஊசி குத்தியது போல ஓட்டையும் சாம்பல் நிறமுமாகத் தெரியும். அதன் வழியாக ஒளி கசிந்து, திறக்க வேண்டிய கோடும் பாதி இறுகிவிடுகிறது, கழுவினால் வருவதில்லை. நீங்கள் நேரத்தைக் குறைக்கிறீர்கள். கோடு திறந்துவிடுகிறது, ஆனால் அதே குறைச்சலான ஒளிதான் சுழிப் புள்ளிக்கும் கிடைக்கிறது. ஒளி பட்ட மேல்பக்கம் மட்டும் இறுகி, அடியில் பிளாஸ்டிக் தாளை ஒட்டிய பக்கம் வழவழவென்று இருக்கும். கழுவும்போது தண்ணீர் அந்த அடியை அரித்துவிடும். பார்வைக்குப் புள்ளி நிற்கும், ஆனால் வேர் அறுந்த செடிதான்.

ஆகவே கறுப்பைச் சரிசெய்யுங்கள். இங்க்ஜெட்டில் அதற்கென்று வரும் ஃபிலிமில், மை அதிகம் விழும்படி வைத்து எடுங்கள். மை இருக்கும் பக்கம் போட்டோரெசிஸ்ட் மேல் நேராக உட்காரும்படி வையுங்கள். நடுவில் ஷீட்டின் தடிமன் வந்தாலே ஒளி பக்கவாட்டில் நுழைந்துவிடும். மேலே கனமான கண்ணாடி வைத்து அழுத்துங்கள், காற்றை உறிஞ்சி அழுத்திப் பிடிக்கும் வாக்யூம் ஃபிரேம் இருந்தால் இன்னும் நல்லது. வெயிலில் காட்டுகிறேன் என்று சிலர் சொல்கிறார்கள், மேகம் ஒன்று குறுக்கே போனால் கணக்கு போச்சு, நான் செய்யச் சொல்ல மாட்டேன்.

பிறகு நேரம். பெட்டியில் போட்டிருப்பது அவர்கள் லைட்டுக்கான நேரம், உங்கள் லைட்டுக்கு இல்லை. ஒரு விரல் அகல ஃபிலிம் துண்டை எடுத்து, கறுப்பு அட்டையால் மூடி, 30 விநாடிக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக அட்டையை நகர்த்துங்கள். 'ண' ஒன்றும் முடி அளவுக்கு ஒரு கோடும் திரும்பத் திரும்ப வருகிற மாதிரி டிசைன் போட்டுக்கொள்ளுங்கள். கழுவிப் பார்த்தால் எந்தக் கட்டத்தில் கோடும் திறந்து புள்ளியும் கெட்டியாக நிற்கிறதோ அதுதான் உங்கள் நேரம். அப்படி ஒரு கட்டம் கிடைக்கவே இல்லையென்றால் கறுப்பு இன்னும் பத்தவில்லை. இந்த வேலை நடக்கும் அறையில் ஜன்னல் வெளிச்சமும் வெள்ளை டியூப் லைட்டும் வேண்டாம், மஞ்சள் பல்ப் போதும்.

கறுப்பு சரி, நேரம் சரி, அப்போதும் பறக்கிறதென்றால் ஈரம். இதில் நானே அடிபட்டிருக்கிறேன். ஐப்பசி மழையில் 40 ஷீல்டு ஆர்டர், அவசரத்தில் கழுவிய ஃபிலிமைத் துடைத்துவிட்டு உடனே ஒட்டினேன். 11 ஷீல்டு போச்சு, காசும் என் கையிலிருந்துதான். ஈரமாக இருக்கிறவரை அந்த ஃபிலிம் வழுக்கும், முழுக்கக் காய்ந்த பிறகுதான் விரலில் ஒட்டும். தாளால் ஒற்றி எடுத்து, ஹேர் டிரையரை மிதமான சூட்டில் காட்டி, விரலை வைத்துப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள். அதற்காக ஏசி அறையில் நாள்கணக்கில் போட்டு வைக்கவும் வேண்டாம், ரொம்ப வறண்டால் மொரமொரவென்று உடையும். கம்ப்ரஸரிலும் மழைக்காலத்தில் தண்ணீர் சேரும், காலையில் அடி வால்வைத் திறந்து வடித்துவிடுங்கள்.

கண்ணாடி சுத்தம் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. நம் கடைகளில் மண்ணெண்ணெய் தொட்டுத்தானே கண்ணாடி வெட்டுகிறோம், ஓரத்தில் அது இருந்துகொண்டே இருக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவி, கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள், அப்புறம் கை வைக்காதீர்கள்.

ஒட்டிய பிறகு நன்றாகத் தேய்த்துவிட்டு, மேல் பிளாஸ்டிக் தாளை நேராக மேலே தூக்காமல் பின்பக்கமாக மடித்து, கண்ணாடியை ஒட்டியே மெதுவாக இழுங்கள். புள்ளி கூடவே எழுந்து வந்தால் தாளைத் திரும்பப் படுக்க வைத்து இன்னொரு தடவை தேய்த்தால் போதும். சுற்றிலும் வெற்றுக் கண்ணாடி தெரியாமல் டேப் ஒட்டிவிடுங்கள்.

அடிக்கிறதில் உங்கள் கை ஸ்டிக்கருக்குப் பழகிய கை. ஸ்டிக்கர் தாங்கும், இந்த ஃபிலிமின் தடிமன் 75, 100 மைக்ரான்தான். பிரஷர் பாட் (பொடி இருக்கும் டப்பாவையே காற்றழுத்தத்தில் வைத்துத் தள்ளும் வகை) என்றால் அழுத்தத்தை 30 பிஎஸ்ஐக்குப் பக்கத்தில் வையுங்கள், நாசிலை அரை அடி தள்ளி நேராகப் பிடியுங்கள், சாய்த்தால் ஓரத்துக்கு அடியில் காற்று புகுந்து தூக்கும். பொடி அலுமினியம் ஆக்சைடு, 180 அல்லது 220 கிரிட் (பொடியின் நயத்துக்கான எண்). பெயருக்குத்தான் சாண்ட்பிளாஸ்ட், ஆற்று மணலைச் சலித்துப் போடுகிற வேலையே கூடாது. துருக்கியில் ஜீன்ஸ் துணியை மணலால் அடித்து வெளுக்க வைத்த இளவயதுத் தொழிலாளர்கள் சிலிக்கோசிஸ் என்ற, மணல் தூசியால் வரும் நுரையீரல் நோய் வந்து இறந்தார்கள், 2009இல் அந்த நாடு அதைத் தடை செய்தது. பொடி எதுவானாலும் மூடிய கேபினும் நல்ல மாஸ்க்கும் வேண்டும்.

கடைசியாக டஃபன்டு கண்ணாடியில் (சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்கியது) அடிக்கலாமா என்று ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். மேலாக மங்கலடிக்கலாம், ஆழமாகச் செதுக்கினால் மொத்தமும் பொடிப்பொடியாக உடைந்துவிடும். ஆழம் வேண்டுமென்றால் முதலில் செதுக்கிவிட்டு, அப்புறம் டஃபனிங் அனுப்புங்கள்.