கூலிக்கொலையாளியும் தெருவிளக்கும்

அனைவருக்கும் வணக்கம்.

கூலிக்கொலையாளி படம் என்றதும் எல்லோருக்கும் துப்பாக்கிதான் நினைவுக்கு வரும். ஆனால் படத்தில் மிகக் குறைந்த நேரம் வேலை செய்யும் பொருள் அதுதான். சுடுவதற்கு ஒரு நொடி போதும். மீதி ஒன்றரை மணி நேரத்தை எதைக் கொண்டு நிரப்புவது? நியோ-நுவார் படங்களை, அதாவது பழைய இருள் சூழ்ந்த குற்றப் படங்களின் பாணியைப் புதுப்பித்த படங்களை எடுத்த இயக்குநர்கள் கண்ட வழி எளிமையானது. அவன் தன் வேலையைச் செய்கிறான், நாம் கூடவே இருந்து பார்க்கிறோம்.

பிரெஞ்சு இயக்குநர் ழான்-பியர் மெல்வில் 1967-இல் எடுத்த 'லெ சமுராய்' படத்தில் முதல் பத்து நிமிடத்துக்கு ஏறக்குறைய யாருமே வாய் திறப்பதில்லை. கொலையாளியாக நடிக்கும் ஆலன் தெலோன் யாருடையதோ ஒரு சித்ரோயன் காரில் ஏறி உட்காருகிறார். கையில் ஒரு வளையம் நிறையச் சாவிகள். ஒன்றைப் போட்டுப் பார்க்கிறார், சேரவில்லை. பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. எடிட்டர் இரண்டாவது சாவியிலிருந்து நேரே கடைசிச் சாவிக்குத் தாவியிருக்கலாம், நேரம் மிச்சம். ஆனால் பயமும் கூடவே போய்விடும். சேராத ஒவ்வொரு சாவிக்கும் 'இப்போது யாராவது வந்துவிட்டால்?' என்று நாம்தான் பதறுகிறோம். பிறகு ஒரு கராஜில் நம்பர் பிளேட் மாற்றும் வேலை. அதிலும் பேச்சில்லை. அந்தப் படத்தின் தொடக்கத்தில் புஷிடோ (சாமுராய் வீரர்களின் நெறி) நூலின் மேற்கோள் என்று ஒரு வாசகம் வரும். எந்த நூலிலும் தேடிப் போகாதீர்கள், மெல்வில் தானே எழுதிக்கொண்டது அது!

இனி இருட்டுக்கு வருவோம். புதிதாக வருபவர்கள் தவறுவது இங்கேதான். இருட்டு வேண்டுமென்றால் விளக்கைக் குறைத்தால் போதும் என்று நினைத்து, ஃபிரேம் முழுவதையும் அண்டர் எக்ஸ்போஸ் செய்துவிடுவார்கள், அதாவது தேவையைவிடக் குறைந்த வெளிச்சத்தில் பதிவு செய்துவிடுவார்கள். பிறகு முகம் தெரியவில்லை என்று, எடுத்த படத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்யும் கலர் கிரேடிங்கில் தூக்குவார்கள். நிழல் பகுதியெல்லாம் நாய்ஸ் என்னும் புள்ளிகள் எறும்பு ஊர்வதுபோல் கிளம்பும். அதை எந்த மென்பொருளும் முழுதாகத் துடைக்காது. ஒளி விழும் கன்னத்துக்குப் போதுமான எக்ஸ்போஷர் கொடுங்கள். மறு கன்னத்தில் நிழலை நிரப்பும் ஃபில் லைட்டை மூன்று ஸ்டாப் கீழே வையுங்கள். ஒரு ஸ்டாப் இறங்கினால் வெளிச்சம் பாதியாகும், எனவே மூன்று ஸ்டாப் என்றால் எட்டுக்கு ஒன்று. இன்னும் இருண்ட தோற்றம் வேண்டுமானால் பிறகு கிரேடிங்கில் இறக்கிக்கொள்ளலாம். இறக்குவது சுலபம். இன்னொன்று, ஃபிரேமில் எங்காவது ஒரு பிரகாசமான புள்ளி இருக்க வேண்டும்: ஜன்னல், கார் விளக்கு, கடைப்பலகை, ஏதாவது ஒன்று. ஒப்பிடுவதற்கு வெளிச்சம் இல்லாத இருட்டைக் கண் இருட்டாக எடுத்துக்கொள்வதில்லை, மங்கலாகவே எடுத்துக்கொள்கிறது.

இந்தப் படங்களில் தெரு எப்போதும் நனைந்திருப்பது ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. காய்ந்த தார்ச்சாலை ஒளியை விழுங்கிவிடும். நனைந்தால் எதிரே இருக்கும் விளக்கையெல்லாம் கண்ணாடிபோல் திருப்பித் தரும். புதிதாக ஒரு விளக்கு வைக்காமலே ஃபிரேமின் கீழ்ப்பாதி உயிர் பெறும். தண்ணீர் லாரிக்குத்தான் செலவு. டேக்குக்கு டேக் தரை காயும் என்பதால், மறுபடி நனைக்க ஒருவரை அதற்கென்றே நிறுத்துங்கள். இல்லையென்றால் எடிட்டிங் மேசையில் ஒரு ஷாட் ஈரமாகவும் அடுத்தது காய்ந்தும் நிற்கும்.

மைக்கேல் மன்னின் 'கொலாட்டரல்' 2004-இல் வந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் ஒரே இரவு, ஒரு டாக்சி, ஒரு கொலையாளி. பெரும்பகுதி டிஜிட்டல் கேமராவில் எடுத்தார்கள், ஏனென்றால் அன்றைய ஃபிலிமுக்குத் தெரியாத தொலைதூர வானத்தின் ஒளிச்சிதறல் டிஜிட்டலுக்குத் தெரிந்தது. டாக்சிக்குள் சாதாரண விளக்கை எங்கே வைப்பது? தாள்போல் மெல்லிய, தானே ஒளிரும் பலகைகளை உள்ளே ஒட்டினார்கள். அந்த நகரத்தின் ஆரஞ்சு நிறம் சோடியம் விளக்கிலிருந்து வந்தது. அதன் வண்ண வெப்பநிலை சுமார் 2,000 கெல்வின். இந்த எண் குறையக் குறைய ஒளி ஆரஞ்சாகும். கேமராவின் ஒயிட் பேலன்ஸை, அதாவது எந்த ஒளியை வெள்ளையாக எடுத்துக்கொள்வது என்ற அமைப்பை, 3,200-இல் வைத்தால் ஆரஞ்சு அப்படியே நிற்கும். ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விட்டால், கேமரா அதைத் திருத்தப் பார்த்து ஷாட்டுக்கு ஷாட் நிறம் தடுமாறும். 2009 முதல் அந்த நகரம் சோடியத்தை எடுத்துவிட்டு எல்இடிக்கு மாறத் தொடங்கியது. அதே தெருவில் போய் நின்றாலும் அந்த இரவு இப்போது கிடைக்காது. வேண்டுமென்றால் விளக்கில் ஜெல் (வண்ணத் தாள்) ஒட்டித்தான் உண்டாக்க வேண்டும்.

சைலன்ஸர் விஷயத்தில் சினிமா பொய் சொல்கிறது. நான் அதைக் குறை சொல்லமாட்டேன். சாதாரணக் கைத்துப்பாக்கி வெடிப்பது 160 டெசிபல் அளவில். சைலன்ஸர் ஏறத்தாழ 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கும். மிஞ்சுவதும் காதைப் பிளக்கும் சத்தமே. குண்டு ஒலியைவிட வேகமாகப் போனால் காற்றைக் கிழிக்கும் ஓசை வேறு, அதை சைலன்ஸர் தொடவே முடியாது. திரையில் கேட்கும் அந்த 'ப்ஸ்க்' ஒலிப்பதிவாளர் செய்தது. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் என்ன கேட்கிறது என்பதில் கவனம் வேண்டும். மெல்வில்லின் கொலையாளி கூண்டில் ஒரு பறவை வளர்க்கிறான். வீட்டுக்குள் யாரோ வந்து போயிருக்கிறார்கள் என்பது அந்தப் பறவையின் பதற்றத்தில்தான் அவனுக்குத் தெரிகிறது. இந்த வகைப் படத்தில் பின்னணி இசையைக் குறைத்து அறையின் சத்தத்தைக் கூட்டச் சொல்வது இதற்காகத்தான்.

கடைசியாக, படப்பிடிப்புத் துப்பாக்கி. குண்டில்லாமல் வெடிமருந்து மட்டும் உள்ள வெற்றுத் தோட்டா ஆபத்தில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1984-இல் நடிகர் ஜோன்-எரிக் ஹெக்சம் அப்படி ஒன்று போட்ட துப்பாக்கியை நெற்றிப்பொட்டில் வைத்துச் சுட்டு இறந்தார். குண்டே வேண்டாம், குழலிலிருந்து பாயும் வாயுவே போதும். 1993-இல் நடிகர் பிராண்டன் லீ படப்பிடிப்பில் இறந்தது வேறு விதம். வெடிமருந்து நீக்கிய போலித் தோட்டாவில் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு பகுதி) மட்டும் உயிரோடு இருந்தது. அது குண்டைக் குழலுக்குள் பாதி வழி தள்ளிவிட்டது, யாரும் குழலைப் பார்க்கவில்லை. பிறகு போட்ட வெற்றுத் தோட்டா அதை வெளியே தள்ளியது. ஆகவே ஒவ்வொரு ஷாட்டுக்கு முன்னும் குழலில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். நடிகரும் பார்க்க வேண்டும். ஒத்திகைக்கு ரப்பர் துப்பாக்கி போதும்.

இன்று பலர் வாயுவில் இயங்கும் பொம்மைத் துப்பாக்கியை வைத்து எடுத்துவிட்டு, தீப்பொறியைக் கணினியில் சேர்க்கிறார்கள். நல்லது, ஆனால் பொறி பறக்கும்போது சுடுபவனின் முகத்திலும் சுவரிலும் வெளிச்சம் விழாவிட்டால் படம் பார்ப்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். அதற்கு ஒரு சிறிய எல்இடி ஃப்ளாஷை ஃபிரேமுக்கு வெளியே துப்பாக்கிப் பக்கமாகவே வைத்து, விசை இழுக்கும்போது தட்டச் செய்யுங்கள். பொறியும் வெளிச்சமும் ஒரே ஃபிரேமில் விழுகின்றனவா என்று எடிட்டிங்கில் சரிபாருங்கள். பெரும்பாலும் ஒரு ஃபிரேம் போதும்.