இருபது, இருபது, இருபது

(பட்டிமன்றத் தலைப்பு: பள்ளி அறிவியலில் தேர்வு வளர்ப்பது மாணவர் திறனையா, மார்க்கையா? ‘மார்க்கையே’ என்ற அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் மூன்று அம்புகளை விட்டுவிட்டுப் போய் அமர்ந்திருக்கிறார். 2025இல் பிளஸ் டூ தேர்ச்சி 95.03 சதவீதம், இதைவிட என்ன சாதனை வேண்டும் என்றார். தேர்வு என்று ஒன்று இல்லாவிட்டால் பிள்ளை புத்தகத்தைத் தொடவே மாட்டான் என்றார். பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்த பிறகுதான் பல பள்ளிக்கூடங்களில் பிளஸ் ஒன் பாடமே நடந்தது என்றார். மூன்றாவதற்கு எங்கள் அணியும் கைதட்டியதே, கவனித்தீர்களா? எங்கள் வேலையில் பாதியை அவரே முடித்துக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் உங்கள் எல்லாரையும் ஒரு பிளஸ் டூ வேதியியல் லேபுக்குள் கூட்டிப்போகிறேன். சட்டையில் கறை படும், கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

கணக்கு இதுதான். கொடுத்திருக்கும் 500 மில்லி கரைசலில் எத்தனை கிராம் ஆக்சாலிக் அமிலம் கரைந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பியூரெட்டில், அதாவது அடியில் திறப்புக் குழாய் வைத்த, அளவு குறித்த நீளக் கண்ணாடிக் குழலில், பொட்டாசியம் பெர்மாங்கனேட். முதல் சுற்றில், செறிவு தெரிந்த பெர்ரஸ் அம்மோனியம் சல்பேட் கரைசலைப் பிப்பெட்டில் 20 மில்லி எடுத்துக் கூம்புக் குடுவையில் விடுகிறோம். அதே அளவு நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, பியூரெட்டைத் திறக்கிறோம். அடுப்புக்கே வேலையில்லை. இரண்டாம் சுற்றில் ஆக்சாலிக் அமிலம் 20 மில்லி. அதே கந்தக அமிலம்தான், ஆனால் இப்போது குடுவையை 60, 70 டிகிரிக்குச் சூடாக்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். வெளிர் இளஞ்சிவப்பு வந்து, கலக்கினாலும் மறையாமல் நின்றால் முடிவுநிலை. அதுவரை செலவான பெர்மாங்கனேட்டின் அளவை வைத்துத்தான் விடையைக் கணக்கிடுகிறோம்.

ஒரே மேசை, ஒரே பியூரெட். ஒன்றுக்குச் சூடு வேண்டும், இன்னொன்றுக்குக் கூடாது. ஏன்?

பெர்ரஸ் என்ற இரும்பு உப்பைச் சூடாக்கினால் காற்றிலிருக்கும் ஆக்சிஜனே அதில் ஒரு பகுதியைப் பெர்ரிக்காக மாற்றிவிடும். பெர்மாங்கனேட் குறைவாகத்தான் செலவாகும், அதன் செறிவு கூடுதலாகக் கணக்காகும், கடைசி விடையும் கூடிவிடும். ஆக்சாலிக் அமிலத்தின் கதை வேறு. குளிர்ந்த நிலையில் வினை ஆமை வேகம். முதல் சொட்டு விழுந்ததும் இளஞ்சிவப்பு அப்படியே நிற்கும். தெரியாதவன் முடிந்துவிட்டது என்று குழாயை மூடிவிடுவான். சூடாக இருந்தாலும் முதல் சொட்டின் நிறம் போகக் கொஞ்சம் நேரமாகும். அதற்குப் பிறகு விழும் சொட்டுகள் பட்டுப் பட்டென்று நிறமிழக்கும், காரணம் வினையில் உண்டாகும் மாங்கனீஸ் அயனியே அந்த வினையை முடுக்கிவிடுகிறது. சரி, நன்றாகக் கொதிக்க வைத்துவிட்டால்? ஆக்சாலிக் அமிலமே சிதையத் தொடங்கும். கந்தக அமிலத்தைக் குறைவாக விட்டால்? மாங்கனீஸ் டை ஆக்சைடு பழுப்பாகக் கலங்கும், அந்தக் குடுவையைக் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். கந்தக அமிலத்துக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஆகாதா? ஆகாது, பெர்மாங்கனேட் அதிலிருக்கும் குளோரைடையும் தாக்கிக் குளோரினாக்கும், பியூரெட்டில் அளவு ஏறிவிடும். நைட்ரிக் அமிலமும் ஆகாது, அதுவே ஓர் ஆக்சிஜனேற்றி, பெர்மாங்கனேட்டின் வேலையில் பங்கு கேட்கும்.

பதினெட்டு வயதுக்குள் ஒரு பிள்ளை கற்க வேண்டிய வேதியியலில் பெரும் பங்கு இந்த ஒரு குடுவைக்குள் இருக்கிறது நடுவர் அவர்களே. ஆனால் செய்முறைத் தேர்வன்று நடப்பது என்ன? பல இடங்களில் "பியூரெட் ரீடிங் 20 வரும்" என்பது வராண்டாவிலேயே தெரிந்துவிடுகிறது. அட்டவணையில் 20.0, 20.0, 20.0 என்று மூன்று வரி. மூன்று முறை செய்து ஒத்த அளவீடு கண்டானாம்! நிஜமாகவே செய்தவனுக்கு 19.7, 20.4, 20.0 என்று வரும். அந்த அப்பாவி என்ன செய்கிறான் தெரியுமா? பக்கத்துப் பையனிடம் ரப்பர் கேட்கிறான்.

உண்மையான விடை 3.15 கிராம் என்று வையுங்கள். இரண்டாம் சுற்றில் முடிவுநிலையை அரை மில்லி தாண்டிவிட்டால் 20 மில்லியில் இரண்டரை சதவீதப் பிழை, விடை 3.23 ஆகிவிடும். அந்தக் கூடுதல் 0.08 கிராம் எங்கிருந்து வந்தது என்று ஒரு பிள்ளை தலையைச் சொறிகிற இடத்தில்தான் அறிவியல் ஆரம்பம். ரப்பர் அந்த இடத்தை அழிக்கிறது.

இப்போது அந்த 95.03க்கு வருவோம். பிளஸ் டூ வேதியியலுக்கு மொத்தம் 100. செய்முறை 20, அகமதிப்பீடு 10, எழுத்துத்தேர்வு 70. பாஸ் மார்க் 35, எழுத்தில் குறைந்தது 15 வேண்டும். செய்முறையும் அகமதிப்பீடும் முழுசாக விழுந்தால் கையில் 30. எழுத்துத்தேர்வில் ஒரு மார்க் கேள்விகள் எத்தனை? சரியாக 15. புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளை மனப்பாடம் செய்தவன் அந்தப் பதினைந்தையும் அடித்துவிட்டால் 45, தேர்ச்சி. ஒரு சமன்பாடு எழுத வேண்டாம், ஒரு வரி விளக்க வேண்டாம். பாஸ் ஆகிற பிள்ளைகள் எல்லாரும் இப்படித்தான் என்று சொல்லவில்லை, சொன்னால் பாவம். இப்படியும் ஆகலாம் என்று கதவைத் திறந்து வைத்திருக்கிற ஒரு தேர்வின் சதவீதத்தைத் திறனுக்குச் சான்றாகக் காட்டாதீர்கள் என்கிறேன்.

வெளியாள் வந்து அளந்தபோது என்ன ஆயிற்று என்பதும் பதிவில் இருக்கிறது. பிசா என்ற பன்னாட்டுத் தேர்வின் 2009 சுற்றில் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டன. 15 வயதுப் பிள்ளைகளுக்கான தேர்வு. அறிவியலில் தமிழ்நாட்டின் மதிப்பு 348. வளர்ந்த நாடுகளின் சராசரி 501. எழுபத்துச் சொச்சம் பங்கேற்பாளர்களில் நாம் அடிவரிசையில் நின்றோம். கேள்விகள் நம் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாதவை என்று அப்போது சமாதானம் சொன்னார்கள். அதைத்தான் நாங்களும் சொல்கிறோம். பழகிய கேள்வி வந்தால் சென்டம், பழகாத கேள்வி வந்தால் திகைப்பு.

ஒரு சின்ன சோதனை. பத்தாம் வகுப்பு ஓம் விதி. "மாறா வெப்பநிலையில், கடத்தியின் வழியே பாயும் மின்னோட்டம் மின்னழுத்த வேறுபாட்டுக்கு நேர்த்தகவில் இருக்கும்." தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். இப்போது ஓர் இழை பல்புக்கு 6 வோல்ட் கொடுத்து மின்னோட்டத்தை அளந்துவிட்டு, 12 வோல்ட் கொடுத்தால் மின்னோட்டம் இரண்டு மடங்காகுமா என்று கேளுங்கள். ஆகும் என்று உடனே பதில் வரும். ஆகாது. இழை சூடேறச் சூடேற அதன் மின்தடை ஏறும், அம்மீட்டர் இரண்டு மடங்குக்குக் குறைவாகத்தான் காட்டும். இதற்காகத்தான் விதியின் வாசலிலேயே ‘மாறா வெப்பநிலையில்’ என்று ஒரு காவலாளியை நிறுத்தியிருக்கிறார்கள். அந்தச் சொல் விட்டுப்போனால் மார்க் போகும் என்பது பிள்ளைக்குத் தெரியும். அது அங்கே ஏன் நிற்கிறது என்பது தெரியாது, யாரும் கேட்டதில்லை.

தேர்வு இல்லாவிட்டால் படிக்க மாட்டான் என்பது இரண்டாவது அம்பு. இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். படித்ததை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தால் அது மனதில் நன்றாக நிற்கும். வாரம் ஒரு ஸ்லிப் டெஸ்ட் நல்லதுதான், திருத்திய தாளை வைத்து எங்கே தவறினாய் என்று பேசினால். தாளைத் திருத்தி, மார்க்கைச் சத்தமாக வாசித்து, குறைந்தவனை எழுந்து நிற்கவைத்தால் அவன் கற்பது வேதியியலையா, வெட்கத்தையா? மாநில ரேங்க் பட்டியலை அரசு 2017லேயே நிறுத்திவிட்டது. பேருந்து நிலையத்து ஃபிளெக்ஸ் பேனர்கள் நின்றனவா?

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2017-18இல் வந்தது. அதற்கு முன் பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் வகுப்பிலேயே பிளஸ் டூ பாடத்தைத் தொடங்கிவிடும், இரண்டு வருஷமும் ஒரே புத்தகம். விசை, ஆற்றல், மோல் கருத்து என்று அடித்தளம் எல்லாம் தாண்டிக் குதித்தாயிற்று. ஏன் குதித்தார்கள்? அதில் பொதுத்தேர்வு இல்லை, அதனால்தான்! நோயும் தேர்வு, மருந்தும் தேர்வு. இப்போது 2025-26 முதல் அந்தப் பொதுத்தேர்வை எடுத்துவிட்டார்கள். நண்பரின் வாதம் உண்மையானால், பிளஸ் ஒன் பாடம் மறுபடியும் காணாமல் போக வேண்டும். போனால், இத்தனை வருஷத் தேர்வு யாரிடம் எந்தப் பழக்கத்தை வளர்த்தது என்று அவரே சொல்லட்டும்.

நீட் பாடத்திட்டத்தில் செய்முறையும் இருக்கிறதே என்று அடுத்துப் பேசுபவர் எடுத்துவைக்கக் கூடும். இருக்கிறது. நான் சொன்ன அதே ஆக்சாலிக் அமிலம், பெர்மாங்கனேட் கூட இருக்கிறது. ஆனால் 180 நிமிஷத்தில் 180 கேள்வி, தவறினால் ஒரு மார்க் கழிவு. ஒரு நிமிஷத்தில் நான்கு வட்டங்களில் ஒன்றைக் கறுப்பாக்கும் பிள்ளைக்கு பியூரெட்டின் குழாயைத் தொட்டுப் பார்க்க என்ன அவசியம்?

கிராமத்து அரசுப் பள்ளியில் படிக்கும் பெண்ணுக்கு, பெயர் தெரியாத ஒருவர் திருத்தும் பொதுத்தேர்வுதான் நியாயம் செய்கிறது என்ற வாதத்தை நான் மறுக்கவே மாட்டேன். சாதி பார்க்காத, முகம் பார்க்காத திருத்தம் அது. அந்தப் பெண்ணுக்கு நியாயத்தோடு சேர்த்து ஒரு நல்ல கேள்வியும் வேண்டும் என்பதுதான் என் கட்சி.

அப்படியானால் செய்முறைத் தேர்வின் வாய்மொழிக் கேள்வியில், அந்த வைவாவில், ‘ஏன்’ என்று கேட்டு ஐந்து மார்க் வையுங்களேன் என்பார்கள். வைத்துப் பாருங்கள், அடுத்த ஜூனிலேயே ‘அடிக்கடி கேட்கப்படும் ஏன்கள்’ என்று கைடு வந்துவிடும்! கைடில் வராத ஒன்று உண்டு. ஆக்சாலிக் அமிலப் படிகத்தை, எல்லாருக்கும் 20 வரும்படி லிட்டருக்கு 6.3 கிராம் என்று ஒரே பாட்டிலாகக் கரைக்காதீர்கள். ஒன்றில் 5.04 கிராம், ஒன்றில் 5.67, ஒன்றில் 6.93, இன்னொன்றில் 7.56 என்று நான்கு பாட்டில் கரையுங்கள். பாட்டிலில் அ, ஆ, இ, ஈ என்று மட்டும் ஒட்டுங்கள், எடையை ஆய்வக உதவியாளர் ஒரு சீட்டில் எழுதி, வெளியிலிருந்து வரும் தேர்வாளரான எக்ஸ்டர்னல் கையில் கொடுக்கட்டும். பத்தில் ஒரு நார்மல் செறிவுள்ள பெர்மாங்கனேட்டுக்கு ஒருத்திக்கு ரீடிங் 16 வரும், பக்கத்திலிருப்பவனுக்கு 24 வரும். கூடுதல் செலவு நான்கு பாட்டிலும் நான்கு லேபிளும்.

அன்றைக்கும் ஒரு பிள்ளை 20.0, 20.0, 20.0 என்று எழுதிக்கொண்டு வந்து நின்றால், எக்ஸ்டர்னல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். மணி அடித்துவிட்டது நடுவர் அவர்களே. அவர் பார்த்துக்கொண்டிருக்கட்டும், நான் உட்காருகிறேன்.