ஃபார்ம்வில் பிள்ளைகள் பக்கமிருந்து

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, வெள்ளைப் பிள்ளைகளுக்கு வேறு பள்ளி என்ற ஏற்பாடு எப்போது முடிவுக்கு வந்தது என்று கேட்டால், வரலாறு படித்தவர்கள் சட்டென்று 1954 மே 17 என்பார்கள். அப்படிப் பிரித்து வைப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்ன நாள் அது. பிரவுன் வழக்கு என்று பெயர். தலைமை நீதிபதி ஏர்ல் வாரன், வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் என்று சில பெயர்களும் கூடவே வரும். எல்லாரும் பெரியவர்கள். யாருக்காக அந்த வழக்கு நடந்ததோ அந்த மாணவர்கள் பக்கமிருந்து பார்த்தால் முக்கியமான தேதிகளே வேறாகிவிடுகின்றன. இன்று அதைத்தான் பேசப்போகிறேன்.

பிரவுன் வழக்கு என்று நாம் சொல்வது உண்மையில் ஐந்து இடங்களிலிருந்து வந்த ஐந்து வழக்குகள். அவற்றில் மாணவர்களின் போராட்டத்திலிருந்து பிறந்தது ஒன்றே ஒன்றுதான். அது வர்ஜீனியா மாநிலத்தில், பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) உள்ள ஃபார்ம்வில் என்ற சிற்றூரிலிருந்து வந்தது. சுற்றிலும் புகையிலை விளைகிற பூமி.

அங்கே கறுப்பினப் பிள்ளைகளுக்கு இருந்தது மோட்டன் உயர்நிலைப் பள்ளி. 1939இல் 180 பேருக்கென்று கட்டியது. 1951இல் 450க்கும் மேற்பட்டவர்கள் படித்தார்கள். இடம் போதவில்லை என்றதும் நிர்வாகம் என்ன செய்தது? மரச்சட்டம் அடித்து, மேலே தார்த்தாள் ஒட்டிக் கொட்டகைகள் போட்டுக் கொடுத்தது. தெருவில் போகிறவர்கள் கோழிப்பண்ணை என்று நினைத்தார்களாம். குளிர்காலத்தில் கொட்டகைக்குள் ஓர் அடுப்பு எரியும். அடுப்பை ஒட்டி உட்கார்ந்தவனுக்கு வியர்க்கும், கடைசி வரிசையில் இருப்பவள் கோட்டைக் கழற்றாமல் பாடம் எழுதுவாள். மழை வந்தால் ஒழுகும். உடற்பயிற்சிக் கூடம் கிடையாது, சாப்பாட்டுக் கூடம் கிடையாது, அறிவியல் ஆய்வுக்கூடமும் கிடையாது. வெள்ளையர் பள்ளி ஓட்டித் தேய்த்த பழைய பஸ்கள்தான் இவர்களுக்கு வரும்.

பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயதுப் பெண்ணுக்கு அந்த பஸ் விஷயம்தான் மனதில் தைத்தது. ஒரு நாள் காலையில் தம்பி தங்கைகளைக் கிளப்பிவிட்ட அவசரத்தில் தன் மதியச் சாப்பாட்டை மறந்து, எடுக்க வீட்டுக்கு ஓடி, பஸ்ஸைத் தவறவிட்டாள். யாராவது ஏற்றிப்போக மாட்டார்களா என்று சாலையில் நின்றபோது வெள்ளையர் பள்ளி பஸ் பாதி காலியாகக் கடந்து போனது. இனிமேல் சும்மா இருக்கக் கூடாது என்று அன்று முடிவு செய்ததாகப் பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். அதற்கு முன்பே பள்ளியின் நிலைமையைப் பற்றித் தன் இசை ஆசிரியையிடம் புலம்பியிருக்கிறாள். அவர் கேட்டது ஒரே கேள்வி: நீயே ஏதாவது செய்தால் என்ன?

செய்தாள். நம்பிக்கையான சிலரைச் சேர்த்துக்கொண்டு மாதக்கணக்கில் ரகசியமாகத் திட்டம் போட்டாள். திட்டம் கொஞ்சம் திருட்டுத்தனமானதுதான், அதையும் சொல்லிவிட வேண்டும். 1951 ஏப்ரல் 23ஆம் தேதி, நம் பிள்ளைகள் பஸ் நிலையத்தில் வம்பில் மாட்டிக்கொண்டார்கள் என்று தலைமை ஆசிரியர் பாயிட் ஜோன்ஸுக்கு ஒரு போன். அவர் பதறிக்கொண்டு கிளம்பினார். உடனே வகுப்புகளுக்கு அவர் அனுப்பியது போலவே சீட்டு போனது: எல்லாரும் அரங்குக்கு வரவும். வந்தார்கள். திரை விலகியது. தலைமை ஆசிரியர் நிற்க வேண்டிய இடத்தில் பார்பரா நின்றாள். ஆசிரியர்களை வெளியே போகச் சொன்னாள். சலசலப்பு எழுந்ததும் காலணியைக் கழற்றிப் பெஞ்சில் ஓங்கித் தட்டினாள். அப்புறம் பேசினாள். பள்ளி மொத்தமும் வெளிநடப்பு செய்தது. வேலைநிறுத்தம் இரண்டு வாரம் நீடித்தது. தலைமை ஆசிரியர் மேல் பழி வரக்கூடாது என்றுதான் அவரை வெளியே அனுப்பினார்கள். கடைசியில் அவருக்கு வேலை போனது.

அந்தப் பிள்ளைகள் கேட்டது நல்ல கட்டடம். அவ்வளவுதான். ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் என்ற இரண்டு வழக்கறிஞர்கள், வேறோர் ஊர் வழக்குக்குப் போகிற வழியில், பள்ளிக்குத் திரும்பிப் போங்கள் என்று புத்தி சொல்லத்தான் ஃபார்ம்வில்லில் இறங்கினார்கள். பிள்ளைகள் நின்ற நிலையைப் பார்த்ததும் மனம் மாறிவிட்டது. ஆனால் ஒரு நிபந்தனை: தனிப்பள்ளிக்குப் புதுக் கட்டடம் கேட்டு வழக்குப் போட மாட்டோம், பிரிவினையையே ஒழிக்கக் கேட்போம், சம்மதமா? பிள்ளைகள் சரி என்றார்கள். மே 23 அன்று 117 மாணவர்கள் பெயரில் வழக்கு பதிவானது. பட்டியலில் முதல் பெயர் டாரதி டேவிஸ் என்ற 14 வயதுப் பெண்ணுடையது. அதனால் சட்டப் புத்தகத்தில் அது டேவிஸ் வழக்கு. பார்பராவின் பாதுகாப்புக்கு அஞ்சி அவளை அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரியில் இருந்த அப்பாவின் சகோதரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இனி வருவதைக் கவனியுங்கள். 1953இல் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் புதிய பள்ளிக் கட்டடம் வந்துவிட்டது, தனிப்பள்ளியாகவே. 1954இல் தீர்ப்பும் வந்தது. ஃபார்ம்வில் வகுப்பறையில் அன்று எதுவும் மாறவில்லை. அடுத்த ஆண்டு, எல்லா நிதானத்துடனும் விரைவாகச் செய்யுங்கள் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. விரைவை விட்டுவிட்டு நிதானத்தை மட்டும் வர்ஜீனியா பிடித்துக்கொண்டது. இனி தப்பிக்க முடியாது என்ற நிலை 1959இல் வந்ததும், கவுண்டி நிர்வாகம் பொதுப்பள்ளிகளுக்குப் பணமே ஒதுக்காமல் எல்லாவற்றையும் இழுத்து மூடியது. கறுப்பினப் பிள்ளைகளோடு உட்காருவதைவிடப் பள்ளியே வேண்டாம் என்ற முடிவு. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி தயாராக இருந்தது. கறுப்பினப் பிள்ளைகள் ஏறத்தாழ 1,700 பேருக்கு ஒன்றுமில்லை. உங்களுக்கும் ஒரு தனியார் பள்ளி அமைத்துத் தருகிறோம் என்று ஒரு பேச்சு வந்தது. பெற்றோர் ஏற்கவில்லை. ஏற்றால் வழக்கின் உயிரே போய்விடும்.

பெற்றோர் செய்தது சரி என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். வேலைநிறுத்தம் செய்தவர்கள் அதற்குள் பள்ளியை முடித்துப் போய்விட்டார்கள். விலை கொடுத்தது அவர்களுடைய தம்பி தங்கைகளும், 1951இல் பிறந்தே இராத குழந்தைகளும். சிலரை வெளி மாநிலங்களில் முன்பின் தெரியாத குடும்பங்களோடு தங்கவைத்துப் படிக்கவைத்தார்கள். பலர் புகையிலை வயலுக்குப் போனார்கள். சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவை விட்டால் இலவசப் பொதுக்கல்வி இல்லாத இடங்கள் என்று அமெரிக்க அரசின் தலைமை வழக்கறிஞராக இருந்த ராபர்ட் கென்னடி 1963இல் ஒரு பட்டியல் சொன்னார்: கம்யூனிஸ்ட் சீனா, வட வியட்நாம், சரவாக், சிங்கப்பூர், பிரிட்டிஷ் ஹோண்டுராஸ், அதோடு பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி. அந்த ஆண்டு நன்கொடைப் பணத்தில் தற்காலிகப் பள்ளிகள் திறந்தபோது, வயதைப் பார்த்து வகுப்பு பிரிக்க முடியவில்லை. பத்து வயதில் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகள் வந்து நின்றார்கள். 1964இல் இன்னொரு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகே பொதுப்பள்ளி திறந்தது. ஐந்து ஆண்டு போனது போனதுதான்.

பார்பரா பிலடெல்பியாவில் நூலகராக வேலை பார்த்து 1991இல் காலமானார். வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் வர்ஜீனியாவின் சார்பில் நின்ற, உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காத்த தென்மாநிலங்களின் தளபதி ராபர்ட் லீயின் சிலையை 2020 டிசம்பரில் எடுத்தார்கள். அந்த இடத்துக்கு மாநிலம் தேர்ந்தெடுத்தது இவரைத்தான். நல்ல விஷயம். ஆனால் அடைத்த பள்ளிக்கு வெளியே நின்ற தலைமுறைக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், 2003இல் ஒரு கௌரவச் சான்றிதழ். மறு ஆண்டில் வர்ஜீனியா சட்டமன்றம் அவர்களுக்கென்று ஒரு கல்வி உதவித்தொகையும் அறிவித்தது. பள்ளி மூடியபோது ஆறு வயதாக இருந்தவர்களுக்கு அப்போது ஐம்பது தாண்டியிருந்தது. சிலர் மனுப் போட்டு, விட்ட படிப்பைத் தொடர்ந்தார்கள்.

நன்றி, வணக்கம்.