அடிவானத்துக்குக் கீழே மூன்று பாகை

அன்புள்ள நேயர்களுக்கு வணக்கம்.

நான் ட்ரொம்சோவிலிருந்து பேசுகிறேன். நோர்வேயின் வடக்கில், ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டி, ஏறத்தாழ 70ஆவது பாகையில் கிடக்கிற ஊர் இது. இன்று டிசம்பர் 21. மத்தியானம் இங்கே சூரியன் தொட்ட உச்சி, அடிவானத்துக்கு மூன்று பாகை கீழே. நவம்பர் கடைசியில் மறைந்த சூரியன் ஜனவரி நடுவில்தான் மறுபடி எழும்பும். தெற்கே மலைகள் மறிப்பதால் ஊருக்குள் அதன் முகம் தெரிய ஜனவரி 21 ஆகிவிடும்.

முழு இருட்டு என்று எண்ணிவிடாதீர்கள். காலை பத்து மணிக்குப் பிறகு பனி மூடிய மலைகளின் மேல் ஒரு நீல வெளிச்சம் இறங்கும். தண்ணீரில் மை கரைந்த மாதிரி நீலம். சில மணித்தியாலம் நின்று, பிறகு அதுவும் போய்விடும். முப்பது வருடத்துக்கு மேலாகப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

"கடவுள் நம்பிக்கை இல்லாத வீடு உங்களது. நத்தார் காலத்தில் என்ன செய்வீர்கள்?" என்று நிலையத்தார் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு நான் பதில் கண்டுபிடிக்கப் பல குளிர்காலம் பிடித்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

1988இல் நான் முதலில் போய்ச் சேர்ந்தது, நோர்வேயின் வடகோடி மாகாணமான பின்மார்க் கரையோரத்தில் ஒரு மீன்பிடிக் கிராமம். அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் அந்தப் பக்கத்து மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்தார்கள். மீன் வெட்டும் மேசை, ரப்பர் சப்பாத்து, விறைத்துப்போன விரல்கள். நோர்வேயில் நத்தார் என்றால் 24ஆம் திகதி பின்னேரம். ஐந்து மணிக்குத் தேவாலய மணி அடிக்கும். அதோடு கடை இல்லை, பஸ் இல்லை, தெருவில் ஒரு ஆள் இல்லை. ஒவ்வொரு வீடும் கதவைச் சாத்திக்கொண்டு தன் ஆட்களோடு இருக்கும். விடுதியில் என்னோடு இருந்தவர்கள் ஒஸ்லோவுக்குப் போய்விட்டார்கள். பாணும் ரின்மீனும் வைத்துக்கொண்டு நான் கட்டிலில் இருந்தேன். கும்பிட ஒரு கடவுள் இல்லையே என்ற குறை எனக்கு அன்றைக்கும் வரவில்லை. கதைக்க ஒரு ஆள் இல்லையே என்றுதான் நெஞ்சு அடைத்தது.

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பகுத்தறிவுக்காரர் வீட்டில் வளர்ந்தவன். அப்பா ஆபிரகாம் கோவூரின் கூட்டங்களுக்குப் போனவர். இளைய நேயர்களுக்குக் கோவூரைத் தெரியாமல் இருக்கலாம். கேரளத்தில் 1898இல் பிறந்தவர், யாழ் மத்திய கல்லூரியில் தாவரவியல் படிப்பித்தவர், பிறகு இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர். அற்புத சக்தி இருக்கிறது என்று சொன்னவர்களை, "என் முன்னால் செய்து காட்டுங்கள், ஒரு லட்சம் ரூபாய் தருகிறேன்" என்று கூப்பிட்டவர். 1978இல் அவர் காலமாகும்வரை அந்தப் பணத்தை ஒருவரும் வாங்கவில்லை.

எங்கள் வீட்டில் சாமியறை இல்லை, தீபாவளி இல்லை. ஆனால் தைப்பொங்கல் இருந்தது. விடியப்புறம் முற்றத்தில் மூன்று கல் வைத்து அப்பாவே அடுப்பு மூட்டுவார். நிறைகுடம் வைக்கமாட்டார், சூரியனைக் கும்பிடமாட்டார். புக்கை பொங்கி இறக்கியதும் முதல் இலை, எங்கள் வயலில் அரிவு வெட்டிய ஆளுக்கு. எங்களுக்கு முன்னால், அம்மாவுக்கும் முன்னால், அவருக்கு. "ஏன் சூரியனுக்குப் படைக்கேல்லை?" என்று பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை வேலிக்கு மேலால் கேட்டார். அப்பா சொன்னது இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது: "வெயிலுக்குக் காது இல்லை, அக்கா. நன்றி சொல்லுறதெண்டால் காது இருக்கிற ஆளுக்குச் சொல்லவேணும்."

அப்பாவிடம் இருந்த இரண்டில் நான் நோர்வேக்குக் கொண்டுவந்தது ஒன்றைத்தான். அவருடைய மறுப்பைக் கொண்டுவந்தேன், அடுப்பை விட்டுவிட்டேன்.

ட்ரொம்சோவுக்கு வந்து, கல்யாணம் கட்டி, வீடு எடுத்த பிறகும் அப்படித்தான். டிசம்பர் பிறந்தால் இந்த ஊரில் ஒவ்வொரு யன்னலிலும் ஒரு விளக்கு நிற்கும். முக்கோண வடிவில் ஏழு சின்னக் குமிழ்கள், அல்லது கடதாசியால் செய்த நட்சத்திரம். எங்கள் யன்னல் மட்டும் கறுப்பு. நம்பாததைச் செய்யக்கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். முன்வீட்டில் ஒரு வயதான அம்மா இருந்தார், மீனவரின் விதவை. ஒருநாள் வந்து கதவைத் தட்டி, "விளக்கு வாங்க வசதி இல்லையா? என்னிடம் இரண்டு இருக்கிறது" என்றார். நான் கிறிஸ்தவன் இல்லை, எந்தக் கடவுளையும் நம்புகிறவனும் இல்லை என்று விளங்கப்படுத்தினேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "நானும் பெரிதாக நம்புகிறவள் இல்லை. அது தெருவால் போகிறவர்களுக்கு வைக்கிற விளக்கு. என்ரை மனுசன் கடலால் வரும்போது யன்னல்களைத்தான் எண்ணிக்கொண்டு வருவார்" என்றார்.

கதவைச் சாத்திவிட்டு நான் குசினியில் வெகுநேரம் நின்றேன். பின்மார்க்கில் அந்த 24ஆம் திகதி இரவு, விடுதி யன்னலால் நான் பார்த்துக்கொண்டிருந்ததும் மற்ற வீடுகளின் வெளிச்சத்தைத்தானே? அடுத்த நாளே நாங்களும் ஒரு விளக்கு வைத்தோம்.

பிறகுதான் இந்தப் பண்டிகையின் பழைய கதையைத் தேடிப் படித்தேன். நோர்வேஜியர் நத்தாரை யூல் என்கிறார்கள். அந்தச் சொல் இந்த நாட்டுக்குக் கிறிஸ்தவம் வருவதற்கு முந்தியது. 10ஆம் நூற்றாண்டில் ஹாக்கோன் என்ற அரசன், இங்கிலாந்தில் கிறிஸ்தவனாக வளர்ந்து திரும்பியவன், யூலைக் கிறிஸ்துவின் பிறந்தநாளோடு சேர்த்துக் கொண்டாடும்படி சட்டம் போட்டான் என்று 13ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட அரசர் வரலாறு சொல்கிறது. அதற்கு முன் யூல் தொடங்கியது நடுக்குளிர்கால இரவில். புதிய சட்டப்படி ஒவ்வொரு வீட்டுக்காரனும் குறித்த அளவு மால்ட் போட்டு பியர் காய்ச்சவேண்டும், அந்தப் பியர் தீரும்வரை விடுமுறை. நாளை மாற்றிய அரசனும் பியரில் கைவைக்கவில்லை. மனிதருக்கு இருட்டில் ஒன்றாக இருந்து குடித்துச் சாப்பிட ஒரு நாள் தேவை என்பது அவனுக்கும் தெரிந்திருந்தது. அந்த நாளுக்கு யார் எந்தப் பெயர் வைத்தாலும், அதற்குக் காரணம் பூமி 23 பாகைக்கும் சற்று அதிகமாகச் சாய்ந்து நிற்பது. அந்தச் சாய்வு நம்பிக்கை உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒன்றுதான்.

எங்கள் தைப்பொங்கலும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். பூமியின் அச்சு, வேகம் குறைந்த பம்பரத்தின் தலைபோல, மிக மெல்ல வட்டமிடுகிறது. ஒரு வட்டம் முடிய ஏறத்தாழ 26,000 ஆண்டு. எங்கள் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து ஆண்டைக் கணக்கிடுவதால், சூரியன் தெற்கே போய்த் திரும்புகிற நாளிலிருந்து தை முதல் நாள் சுமார் 70 ஆண்டுக்கு ஒரு நாள் என்று விலகிக்கொண்டே வருகிறது. சுமார் 1,700 ஆண்டுக்கு முன் இரண்டும் ஒரே நாளில் வந்தன. இதை அறிந்த அன்றைக்கு எனக்கு உண்டான சந்தோசத்தை எப்படிச் சொல்வது? அப்பாவின் முற்றத்து அடுப்பும் முன்வீட்டு அம்மாவின் யன்னல் விளக்கும் ஒரே காரணத்துக்காக எரிந்தவை.

எல்லாம் இப்படி இலகுவாக அமைந்துவிடவில்லை. மகளுக்கு எட்டு வயதாக இருந்தபோது, விடுமுறைக்கு முன் பள்ளிக்கூடம் பிள்ளைகளைத் தேவாலய ஆராதனைக்குக் கூட்டிக்கொண்டு போனது. விரும்பாத பெற்றோர் விலக்குக் கேட்கலாம். நான் கேட்டேன். அவளும் இன்னொரு பொடியனும் நூலகத்தில் இருந்து படம் கீறினார்கள். பின்னேரம் வீட்டுக்கு வந்து, "அப்பா, எல்லாரும் திரும்பி வரேக்கை அவையளிலை மெழுகுதிரி மணந்தது" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்த வருடம் நானும் கூடப்போய் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். பாடினாள், நான் பாடவில்லை, இரண்டு பேரும் கை பிடித்துக்கொண்டு திரும்பி வந்தோம். ஆனாலும் என் கருத்து மாறவில்லை. இந்த நாட்டில் 2012இல் அரசியலமைப்பைத் திருத்தி, 2017இல் திருச்சபையை அரசிலிருந்து தனியான அமைப்பாக்கினார்கள். பள்ளிக்கூடம் வருடக் கடைசி ஒன்றுகூடலைத் தன் மண்டபத்திலேயே வைக்கட்டும். மெழுகுதிரியும் பாட்டும் அங்கேயும் இருக்கலாம். ஒரு பிள்ளையும் நூலகத்தில் தனியே இருக்கவேண்டி வராது.

1956இல் தொடங்கிய மனிதநேயவாதிகள் சங்கம் ஒன்று இங்கே இருக்கிறது. ஒரு லட்சத்துக்கு மேல் அங்கத்தவர். பெயர் வைப்பது, பிள்ளைகள் பெரியவராகும் சடங்கு, இறுதிச் சடங்கு எல்லாம் மதம் இல்லாமல், மரியாதையோடு நடத்துகிறார்கள். மகள் தன் பதினைந்தாவது வயதுச் சடங்கை அங்கேதான் செய்தாள். ஆனால் குளிர்கால இரவுக்கு என்ன செய்வது என்பதை எந்தச் சங்கமும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. அதைக் குசினியில் நாங்களே உண்டாக்கினோம்.

இன்று இரவு எங்கள் வீட்டில் பால்சோறு. நோர்வேஜியரின் நத்தார்ச் சாப்பாட்டில் பாலில் அரிசியைக் கரையவிட்டு, மேலே பட்டரும் சீனியும் கறுவாத்தூளும் போட்ட கஞ்சி ஒன்று உண்டு. முதன்முதல் ருசித்தபோது புக்கையின் தூரத்து உறவு என்று நினைத்தேன். சட்டிக்குள் ஒரு வாதுமைப் பருப்பை ஒளித்து வைப்பார்கள். அது யாருடைய கோப்பையில் வருகிறதோ அவருக்குப் பரிசு. எங்கள் வீட்டில் ஒரு மாற்றம். பருப்புக் கிடைத்தவர் இந்த வருடம் தான் நன்றி சொல்லவேண்டிய ஒரு ஆளின் பெயரைச் சொல்லவேண்டும். பிறகு அந்த ஆளுக்குத் தொலைபேசி எடுக்கவேண்டும், அன்றிரவே. காது இருக்கிற ஆளாக இருக்கவேண்டும், அவ்வளவுதான் விதி. போன வருடம் பருப்பு மனைவிக்கு. அவர் கூப்பிட்டது தன் வேலையிடத்தில் இரவில் துப்புரவு செய்கிற ஒரு பெண்ணை. அந்தப் பெண் அழுததாகச் சொன்னார். இவரும் அழுதார்.

24ஆம் திகதி பின்னேரம் எங்கள் கதவு பூட்டியிருக்காது. போக இடம் இல்லாத மாணவர், புதிதாக வந்த அகதிக் குடும்பம், பிள்ளைகள் தூரத்தில் இருக்கிற முதியவர், யாராவது வருவார்கள். நத்தார் மரம் வைப்பதில்லை. வைத்தாலும் பிழை என்று நினைக்கவில்லை, வீட்டில் இடம் இல்லை. முற்றத்தில் குருவிகளுக்கு ஓட்ஸ் கதிர்க்கட்டு ஒன்றைக் கம்பில் கட்டுவோம். அது இங்கத்தைய பழைய வழக்கம். வயலைக் கண்டே பல வருடமான எனக்கு அந்தக் கதிர்க்கட்டைக் கையில் எடுக்கும்போது உள்ளுக்குள் என்னமோ செய்யும்.

பொங்கலை நாங்கள் ஜனவரி 14இல் பொங்குவதில்லை. அன்றைக்கு இங்கே சூரியன் இல்லை. ஊர் முழுக்க ஜனவரி 21ஐச் சூரிய நாள் என்று கொண்டாடுகிறது. வெதுப்பகங்களில் உள்ளே ஜாம் வைத்த உருண்டைப் பணியாரம் விற்பார்கள், சூரிய உருண்டை என்று அதற்குப் பெயர். எங்கள் வீடு பாலத்துக்கு அப்பால் மலையடியில் இருப்பதால் வெயில் அங்கே இன்னும் பிந்தும். ஆகவே பயறும் சர்க்கரையும் முந்திரிகை வத்தலும் போட்டுக் காலையிலேயே பொங்கி, பானையைக் கம்பளியால் சுற்றிக்கொண்டு தீவுப்பக்கம் வருவோம். தெற்கே பார்த்தபடி ஆட்கள் ஏற்கனவே நிற்பார்கள். யாரும் யாரிடமும் நீ எதை நம்புகிறாய் என்று கேட்பதில்லை. மலை இடுக்கில் ஒரு விளிம்பு தெரியும், சில நிமிடம்தான். பனி முழுக்க மஞ்சளாகும். பக்கத்தில் நிற்கிறவரின் முகத்தில் இரண்டு மாதத்துக்குப் பிறகு வெயில் படுவதைப் பார்ப்பீர்கள். நான் மூடியைத் திறந்து, முதல் கோப்பையை அந்த ஆளுக்குக் கொடுப்பேன். மேகம் மூடின வருடமும் உண்டு. அப்போதும் புக்கை சுடச்சுடத்தான் இருந்தது.

முன்வீட்டு அம்மா இப்போது இல்லை. அவருடைய மகன் வீட்டை விற்றபோது அந்த ஏழு குமிழ் விளக்கை எங்களிடம் கொண்டுவந்து தந்தார். கடலைப் பார்த்த குசினி யன்னலில் அது நிற்கிறது. நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடந்து போகிற வழியில், பாலத்தின் உச்சியில் ஏறினால் தெரியும். இனி அங்கேதான் போகிறேன், பால்சோறு காத்திருக்கிறது.

வணக்கம்.