கீரையை நிறுத்தாதீர்கள்

தாய்மார்களே, பெரியவர்களே, வணக்கம்.

நம்ம கடலூரில் யார் வீட்டில் டெங்கு என்றாலும் அக்கம்பக்கம் முதலில் கேட்பது, "பிளேட்லெட் எவ்வளவு?" ஒன்றரை லட்சத்துக்குக் குறையக் கூடாது என்பது எல்லோருக்கும் மனப்பாடம். நல்லதுதான். ஆனால் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் இதய வால்வு மாற்றிக்கொண்டு வந்தவரிடம், "ஐஎன்ஆர் எவ்வளவு?" என்று ஒருத்தரும் கேட்பதில்லை. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை எண்தான் ஐஎன்ஆர்.

மீன் நறுக்கும்போது அரிவாள்மனை விரலைப் பதம் பார்த்துவிடுகிறது. உடனே ரத்தக்குழாய் சுருங்கும். பிளேட்லெட்டுகள் வெட்டுவாயில் ஒட்டி, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஓட்டையை அடைக்கும். அந்த அடைப்பு ரொம்ப நேரம் தாங்காது. ஃபைப்ரின் என்ற புரத இழை அதன்மேல் வலையாகப் பின்னினால்தான் உறுதிப்படும். அதற்கு வேண்டிய சில உறைவுக் காரணிகளை வைட்டமின் கே இல்லாமல் கல்லீரலால் சரியாகத் தயாரிக்க முடியாது.

இப்படி உறைந்த ரத்தக்கட்டி செயற்கை வால்வின்மேல் உண்டாகி, துண்டு பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். அதைத் தடுக்கத்தான் அசிட்ரோம், வார்ஃபரின் மாத்திரைகள் எல்லாம். இவை வைட்டமின் கே-யின் வேலையை மட்டுப்படுத்துகின்றன. (ஆஸ்பிரின் வேறு ஜாதி, அது பிளேட்லெட்டைக் கட்டிப்போடும்.) வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாகத்தான் கடைக்கு வந்தது. முகம் சுளிக்காதீர்கள், எல்லாம் அளவில் இருக்கிறது. அந்த அளவு சரியா என்று காட்டுவதுதான் ஐஎன்ஆர். மருந்து எடுக்காதவருக்கு 1-ஐ ஒட்டி இருக்கும். உலோக வால்வுக்காரருக்கு வால்வைப் பொறுத்து 2-லிருந்து 3.5-க்குள் டாக்டர் ஒரு இலக்கு வைப்பார்.

சரி, கீரைக்கு வருவோம். "முருங்கைக்கீரையைத் தொடவே கூடாதாமே?" அப்படி இல்லை. கீரையில் வைட்டமின் கே நிறைய இருக்கிறது, அது மாத்திரையின் வேலையைக் குறைக்கும் என்பதால் வந்த பயம் இது. வாரம் இரண்டு நாள் சாப்பிடுகிறவரா, அதையே தொடருங்கள். மாதக்கணக்கில் ஒதுக்கிவிட்டு, ஆடிக்கூழோடு நாலு நாள் சேர்ந்தாற்போல் கீரையை வெளுத்துக்கட்டினால் ஐஎன்ஆர் இறங்கும். டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார். நீங்கள் பயந்துபோய்க் கீரையை விடுவீர்கள். இப்போது ஐஎன்ஆர் எகிறும், பல் துலக்கினாலே ஈறு கசியும்.

கீரையைவிட எனக்குப் பயம் மெடிக்கலில் கேட்டு வாங்கும் மூட்டுவலி மாத்திரைதான். டைக்ளோஃபெனாக் போன்றவை அசிட்ரோம், வார்ஃபரினோடு சேர்ந்தால் வயிற்றுக்குள் ரத்தம் கசியலாம். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ஐஎன்ஆர் பார்க்கத் தேவையில்லாத புது மாத்திரைகளும் வந்திருக்கின்றன. உலோக வால்வு வைத்தவர்களுக்கு அவை ஆகாது, மாற்றித்தரச் சொல்லாதீர்கள். அப்புறம், வால்வு மாற்றிய இளம் பெண்கள் குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே டாக்டரைப் பாருங்கள். அசிட்ரோம், வார்ஃபரின் கருவைப் பாதிக்கும். அதற்காக நீங்களாக நிறுத்தினால் வால்வு அடைத்துக்கொள்ளும்.